ஏழாம் அத்தியாயத்தில் நிற்கும் பஸ்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
இஸ்ஸடீனின் அச்சகத்தில்
பிழை பார்ப்பது என் வேலை.
பக்கத்துக்கு முப்பது ரூபா.
சந்திப்பிழைக்குத் தனியாக எதுவும் இல்லை.

ஊரடங்கு முடிந்த வருஷம்
எல்லாரிடமும் ஒரு கொள்ளைநோய் நாவல் இருந்தது.
ஒன்றில் நோய் கப்பலில் வந்தது.
ஒன்றில் படுவான்கரையிலிருந்து வள்ளம் ஏறி வந்தது.
இன்னொன்றில்
வேறு மாதிரிக் கும்பிடுகிற ஒரு தெருவிலிருந்து.
எழுதியவனின் வீட்டில் மட்டும்
எந்தக் கிருமியும் பிறக்கவில்லை.
நான் ஒற்றுகளைப் போட்டுக் கொடுத்தேன்.

மறுகா வந்தவர்
ஓய்வுபெற்ற பீ.எச்.ஐ. தங்கேஸ்வரன்.
முப்பத்தொரு வருஷம்
கிணறுகளுக்குக் குளோரின் போட்டவர்,
பூச்சாடிகளைக் கவிழ்த்து நுளம்புக்குடம்பி எண்ணியவர்.
பாண்டிருப்பில் தன் வீட்டு இலக்கத்தையே போட்டு
முதல் நோயாளியாகத் தன்னையே எழுதியிருந்தார்.

அவர் உண்டாக்கிய நோய்க்குக் காய்ச்சல் இல்லை.
பெயர் மட்டும் கழன்றுவிடும்.
யார் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும்
நோயாளி "ஓம்" என்பார்.
ஓம் என்றதும் அந்த ஆளாகவே நடப்பார்.
அந்த ஆளின் சீட்டுக்காசைக் கட்டுவார்,
அந்த ஆளின் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பார்.
சிலர் அந்த ஆளின் காணியையும் கேட்டார்கள்.
நோய் யாரையும் நல்லவராக்கவில்லை,
இதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

நோய் வராதவர்கள்
பெயரை அட்டையில் எழுதிக் கழுத்தில் கட்டினார்கள்.
பிறகு அட்டைக்கு நிறம் வந்தது.
பிறகு வீதிக்குக் குறுக்கே கயிறு.
ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் உடல்
சுடலைக்கும் மையவாடிக்கும் நடுவில்
இரண்டு நாள் கிடக்கிறது, பெயருக்காக.
அந்தப் பக்கத்தைப் பார்த்த இஸ்ஸடீன்
தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு
வெளியே போனார்.
நான் ஒரு காற்புள்ளியை எடுத்தேன்.
திரும்ப வைத்தேன்.

ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பஸ்.
சந்தியில் மறிக்கிறார்கள்.
யார் மறிக்கிறார்கள் என்று அவர் எழுதவில்லை;
இந்தக் கரையில் வாசிக்கிறவர்கள்
ஆளுக்கொரு சீருடையை மாட்டிக்கொள்வார்கள்.
ஒருவன் ஏறி, தாளைப் பார்த்து
ஒரு பெயரை வாசிக்கிறான்.
பஸ் முழுக்க நோயாளிகள்.
ஓம்.
ஓம், ஓம், பின்சீட்டிலிருந்தும் ஓம்.
எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

அத்தியாயம் அதோடு முடிகிறது.
எட்டாவது
வெறும் பஸ் ஒன்றை ஒரு பையன்
கழுவுவதில் தொடங்குகிறது.

"இடையில ஒரு பக்கம் விட்டுப்போயிரிக்கு" என்று
போன் எடுத்துச் சொன்னேன்.
"இல்ல மகள். அவ்வளவுதான்."
மறுமுனையில் மீன்காரனின் ஹோர்ன்
போய் முடியும்வரை பேசாமல் இருந்தார்.
மறுகா கேட்டார்:
"வாசிக்கக்குள்ள நீங்க எந்தச் சீட்டில இருந்தீங்க?"

பொய் சொன்னேன்.
உண்மையில் ஜன்னல் பக்கம் இருந்தேன்.
வாசித்தது என் பெயர் இல்லை என்று
ஒரு முழு மூச்சு விட்டிருந்தேன்,
மற்றவர்கள் எழும்புகிற சத்தம் கேட்கும்வரை.
எனக்கு அந்த நோய் வராது.
மூன்று வயதிலேயே ஏற்றிவிட்டார்கள்:
யார் மறித்தாலும்
பெயரைத் தெளிவாகச் சொல்லவேணும்,
அழக்கூடாது.

போன கிழமை ஆதார வைத்தியசாலையில்,
மருந்து கொடுக்கிற ஜன்னலில்,
"செய்னம்பு" என்று கூப்பிட்டார்கள்.
யாரும் எழும்பவில்லை.
கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றி
மூன்றாம் தரமும் கூப்பிட்டபோது
என் வாயில் ஓர் ஓ வந்து நின்றது,
மெய்யெழுத்துக்காக.

என் துண்டு நாற்பத்திமூன்று.
எனக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.